குப்பிக்கு ஒரு சட்டை

போன மாசியில், தேன் எடுத்த வாரம். அரைக் கிலோ தேன் குப்பிக்கு நான் பின்னி முடித்த உறையை மாமியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நெருக்கமான பின்னல், ஒரு இடத்தில்கூட இடைவெளி இல்லை. மூன்று ராத்திரி உட்கார்ந்து போட்டது. கண்ணிகள் எல்லாம் ஒரே அளவில், அச்சில் வார்த்த மாதிரி வந்திருந்தன. மாமி குப்பியோடு அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"வேலை நல்லாருக்கு மக்களே. தேனு எங்க?"

அவ்வளவுதான் கேட்டார். குப்பியை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் பின்னியிருக்கிறேன்.

எங்கள் வீடு படந்தாலுமூட்டுக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். விளவங்கோடு தாலுகா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை இதெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் எங்கள் பேச்சில் பாட்டிலுக்குக் குப்பி, டீக்கடைக்குச் சாயக்கடை, மிளகுக்கு நல்லமிளகு. திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்த என் அக்கா ஊருக்கு வந்தால்தான் 'பாட்டில் கவர்' என்ற பேச்சே எழும். இங்கே பிள்ளைகள் இதைக் 'குப்பிச் சட்டை' என்று சொல்கிறார்கள். எனக்கும் அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது. சட்டை என்றால் அளவெடுத்துத் தைப்பது. குப்பி உறையும் அப்படித்தான், ஒரு குப்பிக்குப் போட்டது இன்னொன்றுக்குச் சேராது.

மாமி என்பது என் அப்பாவின் மூத்த சகோதரி. எழுபத்து நாலு வயது. சபைப் பெண்கள் சங்கத்தில் பதினைந்து வயதில் கொக்கி ஊசியைப் பிடித்தவர். அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ மேல் விரிப்பு, தலையணை உறைக்கு ஓரம், பால் செம்புக்கு மூடி என்று எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. பால் செம்பின் மூடியை இன்றைக்கும் வைத்திருக்கிறார். வட்டமான வலை, ஓரத்தைச் சுற்றிக் கண்ணாடி மணிகள். மணியின் கனத்தில் வலை செம்போடு ஒட்டி நிற்கும், காற்றில் பறக்காது, ஈ உள்ளே போகாது, ஆவி வெளியே போகும். அழகுக்கு என்று நாம் நினைக்கும் மணிக்கு அங்கே ஒரு வேலை இருந்தது.

எங்கள் பக்கம் நூல் வேலைக்கு ஒரு பழைய கதை உண்டு. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820-களின் தொடக்கத்தில் தன் விடுதிப் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் போடக் கற்றுக்கொடுத்தார். அன்றைக்குத் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அதை ஒழித்த அரசாணை 1855-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். ஒரு முழம் லேஸுக்கு எத்தனை ராத்திரி ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது விரல் நுனி வலிக்கும்.

அந்த லேஸும் நாங்கள் போடுவதும் ஒன்றல்ல. இதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் எல்லாவற்றையும் 'லேஸ்' என்றே சொல்வார்கள். நாகர்கோவில் லேஸ், தலையணை மேல் குண்டூசி குத்தி, சின்ன மரக்கட்டைகளில் சுற்றிய பல நூல்களை ஒன்றின் மேல் ஒன்று மாற்றிப் போட்டு முறுக்கிப் பின்னுவது. நாங்கள் போடுவது குரோஷே. ஒரே நூல், நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசி, ஒன்றைப் போட்டு முடித்ததும் ஊசியில் நிற்பது ஒரே ஒரு கண்ணி. ஆந்திராவில் கோதாவரிக் கரை நரசாபுரம் பெண்கள் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவது இந்த வகைதான். ஒரே கண்ணி என்பதால் ஒரு வசதி இருக்கிறது. அடுப்பில் பால் பொங்கினாலும், பஸ் வந்துவிட்டாலும் அந்தக் கண்ணியைக் கொஞ்சம் நீட்டி விட்டுவிட்டு எழுந்து போகலாம். வேலை கெடாது. களியக்காவிளையிலிருந்து தம்பானூர் போகும் பஸ்ஸில் நான் எத்தனையோ உறையின் கழுத்தைப் போட்டு முடித்திருக்கிறேன். பிரிப்பதும் அதே மாதிரி. கண்ணியிலிருந்து ஊசியை எடுத்து நூலை இழுத்தால் மூன்று ராத்திரி வேலை மூன்று நிமிடத்தில் உருண்டையாகிவிடும்.

அந்த முதல் உறையைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. அலமாரியில் வைத்துவிட்டுப் புதுசாகத் தொடங்கினேன்.

இனி அளவைச் சொல்கிறேன். இது கொஞ்சம் நீளும்.

மாமி அளவு நாடாவைத் தொடமாட்டார். பின்னப்போகும் நூலையே எடுத்துக் குப்பியின் வயிற்றைச் சுற்றிப் பிடித்து முடிச்சுப் போடுவார். அதுதான் அளவு. நான் நாடாவும் வைத்துப் பார்ப்பேன். எங்கள் அரைக் கிலோ தேன் குப்பிக்கு வயிறு 24 சென்டிமீட்டர், அடி 7 சென்டிமீட்டர் குறுக்களவு, தோள் வரைக்கும் உயரம் 10. உறை 24 இருந்தால் தொளதொளவென்று தொங்கும். 22 வர வேண்டும். பருத்தி நூல் இரண்டு சென்டிமீட்டர் இழுபட்டுக் கொடுக்கும், அந்த இழுப்பில்தான் உறை குப்பியைப் பிடித்து நிற்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு உறை ஆனது.

நாலிழைப் பருத்தி நூல், 2.5 மில்லிமீட்டர் ஊசி. முதலில் அடிவட்டம். ஒரு வளையத்துக்குள் 12 டிரெபிள், அதாவது ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றிப் போடும் உயரக் கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு, ஆக 24. அப்புறம் 36. அப்புறம் 48. ஒவ்வொரு சுற்றுக்கும் 12 கூடும். அப்படிக் கூடினால் வட்டம் மேசையில் தோசை மாதிரிப் படிந்து கிடக்கும். ஒரு சுற்றில் குறைத்துக் கூட்டினால் ஓரம் கிண்ணமாய்க் குவியும். அதிகமாய்க் கூட்டினால் அலை அலையாய் எழும்பும். நாலாவது சுற்று முடிந்ததும் குப்பியை அதன் மேல் வைத்துப் பார்த்தால், கண்ணாடியின் ஓரமும் நூலின் ஓரமும் ஒன்றாய் வந்திருக்கும். அங்கே கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினால் சுவர் தானாக மேலே திரும்பும். அந்தத் திருப்பம் மடிப்புப் போல கூர்மையாய் வர ஒரு வழி இருக்கிறது. திரும்பும் சுற்றில் மட்டும் கண்ணியின் இரண்டு இழையையும் எடுக்காமல் பின் இழையை மட்டும் எடுத்துக் ஊசியில் நூலைச் சுற்றாமல் குட்டைக் கண்ணியாய் 48-ஐயும் போட வேண்டும். முன் இழைகள் அடியைச் சுற்றி ஒரு சின்ன வரப்பு மாதிரி நிற்கும். மாமி அந்த வரப்பை நகத்தால் ஒரு தடவு தடவிப் பார்ப்பார். தட்டுப்படாமல் போனால் கண்ணி எங்கேயோ தப்பியிருக்கிறது.

அப்புறம்தான் ஜன்னல். ஒரு டிரெபிள், இரண்டு செயின் (கீழே எதிலும் கோக்காத சங்கிலிக் கண்ணி), கீழே இரண்டு கண்ணியைத் தாண்டி அடுத்ததில் ஒரு டிரெபிள். 48-இல் இப்படிப் போனால் 16 ஜன்னல். ஒவ்வொரு சுற்றும் 16. சுற்றைத் தொடங்க ஐந்து செயின் போடுவோம். மூன்று ஒரு டிரெபிளுக்குச் சமம், மிச்சம் இரண்டு ஜன்னலின் மேல் கட்டை. குப்பியில் ஏற்றும்போது வலை பக்கவாட்டில் விரியும். விரிந்த அளவுக்கு உயரத்தில் சுருங்கும். அதனால் கணக்குக்குப் பத்துச் சுற்று வந்தால் பதினொன்று போட வேண்டும். ஜன்னலின் அளவுக்கு மாமியின் சோதனை சுண்டுவிரல். நுனி நுழைந்து கண்ணாடியின் குளிர்ச்சி தட்ட வேண்டும், முதல் மடிப்பு வரைக்கும் போகக் கூடாது. போனால் வலை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், தேன் குப்பி ஈரக் கையில் வழுக்கும்.

தோளுக்கு வந்ததும் இரண்டு செயினை ஒன்றாக்க வேண்டும். ஜன்னல் 16-ஆகவே இருக்கும், ஆனால் குறுகும். அந்த வரிசையில் செயின் போட்ட கயிறு ஒன்றைக் கோத்து முன்னால் முடிச்சு. கயிறு இருந்தால்தான் உறையைக் கழற்றித் துவைக்க முடியும். கழுத்தை இறுக்கமாய் முடித்துவிட்டு அதைக் கழற்ற முடியாமல் குப்பியோடு சேர்த்துத் துவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம்.

இந்தக் கணக்கெல்லாம் மாமியின் பழைய நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டை நம்பி நான் போட்ட இரண்டாவது உறை குப்பியின் தலைக்கு மேலே இரண்டு விரற்கடை வளர்ந்து நின்றது. எண்ணிப் பார்த்தால் சுற்று சரி, கண்ணி சரி. அரை நாள் குழம்பினேன். கடைசியில் பிடிபட்டது பெயர்தான். மாமிக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆங்கிலேய வழக்கம். ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றிப் போடுவது அவர்களுக்கு டிரெபிள். நான் பழகிய வீடியோக்கள் அமெரிக்க வழக்கம். அங்கே அதே கண்ணிக்குப் பெயர் டபுள், டிரெபிள் என்றால் இரண்டு முறை சுற்ற வேண்டும். ஒரே சொல்லுக்கு இரண்டு உயரம். நீங்கள் எங்கிருந்து ஒரு மாதிரியை எடுத்தாலும் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இங்கே எழுதுவதெல்லாம் மாமியின் பெயர்கள்.

தேனுக்கு வருகிறேன். ஏன் தேன் தெரிய வேண்டும் என்று மாமி அவ்வளவு பிடிவாதமாய் இருக்கிறார் என்பது எங்கள் ஊர்த் தேனைத் தெரிந்தால்தான் புரியும். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் சின்னச் சின்ன வீட்டுக்காரர்களிடம் கொண்டுபோனார். அன்றையிலிருந்து இந்தப் பக்கம் தேன் பெட்டி வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. இங்கே தேன் பெருமளவுக்கு ரப்பர் மரத்திலிருந்து வருகிறது. பூவிலிருந்துகூட இல்லை. ரப்பர் இலை உதிர்த்துவிட்டு மாசி வாக்கில் செம்புநிறத்தில் தளிர் விடும்போது, காம்பில் மூன்று இலையும் சேரும் இடத்தில் சின்னச் சுரப்பிகளில் தேன் துளிர்க்கும். தேனீ அதைத்தான் எடுத்து வருகிறது. அந்தத் தேன் வெளிறிய பொன் நிறம். சித்தப்பாவின் பெட்டிகளிலிருந்து எடுத்து வடிகட்டி ஊற்றியதும் குப்பிகளை வராந்தாச் சுவரில் வரிசையாய் வைப்பார். காலை வெயில் குறுக்கே விழும்போது அந்த வரிசையைப் பார்க்க வேண்டும். வெள்ளை வலை போட்ட குப்பியில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு துண்டு வெளிச்சம் நிற்கும். நூலின் நிழல் தேனுக்குள் விழுந்து சாய்ந்த கட்டமாய்த் தெரியும்.

தேன் வாங்க வருகிறவர்களும் குப்பியைத் தூக்கித்தான் பார்ப்பார்கள். நிறம் பார்ப்பார்கள், அடியில் சர்க்கரை மாதிரி உறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், கவிழ்த்து உள்ளே குமிழி எவ்வளவு மெதுவாய் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். உறைவது தேனின் இயல்பு, அதை வைத்துக் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பார்க்கும் உரிமை வாங்குகிறவருக்கு இருக்கிறது. மூடிய உறை அந்த உரிமையைப் பறிக்கிறது என்பது மாமியின் கட்சி. "மறைச்சு வச்சா அவங்களுக்குச் சந்தேகம் வரும் மக்களே, கேட்டியா" என்று சொல்வார். எனக்கு அது வியாபாரப் பேச்சாக மட்டும் படவில்லை. கண்ணாடியைத் தேர்ந்தெடுத்ததே உள்ளே இருப்பதைப் பார்க்கத்தான். கண்ணாடியை வாங்கிவிட்டு அதன் மேல் திரை போட்டால் பீங்கான் பரணியே போதுமே.

நூலைப் பற்றிக் கொஞ்சம். கம்பளி என்ற பேரில் கடைகளில் விற்கும் அக்ரிலிக் நூலில் போட வேண்டாம். வண்ணம் நன்றாக இருக்கும், ஆறு மாதத்தில் உருண்டு உருண்டு பஞ்சு எழும்பும், எண்ணெய்க் கை பட்டால் பிசுபிசுப்புப் போகாது. பருத்தியில், மினுமினுப்பான மெர்சரைஸ்டு நூல் கிடைத்தால் நல்லது. 1844-இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காரச் சோடாவில் நனைத்துப் பார்த்துக் கண்டுபிடித்த வழி. அதில் இழை பருத்து, வலுவும் சாயப் பிடிப்பும் கூடும். சோடாவில் நனைக்கும்போது நூலை இழுத்துப் பிடித்தால் பட்டு போல மினுங்கும். சாதாரணப் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். அதனால் நூல்கண்டை முதலிலேயே சிட்டமாய்ச் சுற்றி நனைத்து உலர்த்திவிட்டுத்தான் தொடங்குகிறேன். நான் நூல் வாங்குவது திருவனந்தபுரத்தில் 'சாலை' என்ற கடைத்தெருவில். ஊசி 'போனி' மார்க். அது நீலகிரியில் கேத்தி ஊசித் தொழிற்சாலையில் செய்வது. மாமியின் எஃகு ஊசியில் கட்டைவிரல் பதியும் இடம் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. வியர்க்கிற நாளில் அவர் உள்ளங்கையில் குட்டிகூரா பவுடரைத் தட்டிக்கொண்டுதான் ஊசியை எடுப்பார். ஈரக் கையில் நூல் ஓடாது, கண்ணி இறுகும், உறை சின்னதாய்ப் போகும்.

சாயத்தில் நான் ஒரு முறை நன்றாக அடிபட்டேன். பாறசாலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு முப்பது சின்னக் குப்பி, வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்ப. உள்ளே கிராம்பும் நல்லமிளகும். வெள்ளை உறை, கழுத்தில் சிவப்புக் கயிறு, தோளில் ஒரு சிவப்பு வரிசை. சிவப்பு நூலைப் புதுசாய் ஒரு கடையில் வாங்கினேன். சாயம் போகாது என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். முப்பதையும் முடித்து ஒன்றாய் நனைத்து எடுத்தபோது வெள்ளையெல்லாம் ரோஜா நிறம். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றை எடுத்துத் தோள் வரிசை வரைக்கும் பிரித்துப் பார்த்தார். கீழ்ப்பாதியில் கறை அதிகம் ஏறாத பதினெட்டு கிடைத்தது. அவற்றை வெயிலில் போட்டுப் போட்டு வெளுக்க வைத்து, மேலே மட்டும் திரும்பப் போட்டோம். மிச்சம் பன்னிரண்டைப் புதுசாய்ப் போட்டோம். இரண்டு பேரும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். குப்பிகள் குறித்த நாளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு எந்த நிறம் வாங்கினாலும் ஒரு சாண் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு ராத்திரி கனத்தின் அடியில் வைக்காமல் தொடுவதில்லை.

கஞ்சி போடுவது மாமியின் தனி வித்தை. எங்கள் பக்கத்து மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மாவில் ஒரு கரண்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி மாதிரித் தெளியும்வரை காய்ச்சுவார். கை பொறுக்கும் சூட்டில் உறையை முக்கிப் பிழிந்து, அதே அளவுள்ள காலிக் குப்பியில் மாட்டி நிழலில் கவிழ்த்து வைப்பார். காயும்போது உறை குப்பியின் உருவத்தையே எடுத்துக்கொள்ளும். காய்ந்த பிறகு கழற்றினால் குப்பி இல்லாமலே தனியாக நிற்கும். சிப்பிப் பின்னல் போட்டதென்றால் ஒவ்வொரு சிப்பியும் விறைத்து விரிந்து நிற்கும். அன்னாசிப் பின்னலும் அப்படித்தான். அதை மாமி நோட்டில் 'கைதைச்சக்கை' என்று எழுதி வைத்திருக்கிறார், பக்கத்தில் கோட்டுப் படத்தோடு.

ஆனால் கஞ்சிக்குக் காலம் உண்டு. எங்களுக்கு இரண்டு மழை. வைகாசிப் பாதியில் தொடங்கும் எடவப்பாதியும் ஐப்பசி மழையும். கஞ்சி ஏறிய துணியை மழைக்காலத்தில் விட்டுவைத்தால் கரிம்பன் அடித்துவிடும். கறுப்புப் புள்ளி புள்ளியாய், எதற்கும் போகாது. பாச்சையும் ராமபாணப் பூச்சியும் கஞ்சியைத் தேடி வந்து நூலையும் சேர்த்துத் தின்னும். அதனால் வைகாசியில் எல்லா உறையையும் கழற்றி, வெந்நீரில் கஞ்சியைப் போக்கி, மொறுமொறுவென்று காயவைத்து டின்னில் அடைத்துவிடுவோம். மழை முடிந்து மார்கழியில் திரும்ப எடுப்போம். அந்த மாதங்களில் குப்பிகள் சட்டையில்லாமல் நிற்கும்.

ஊறுகாய்ப் பரணிக்கு முழு உறை போடாதீர்கள். எண்ணெய் ஒரு சொட்டு வழிந்தால் போதும், நூல் அதை உறிஞ்சிக் காறல் வாடை எடுக்கும். அதற்கு மூடிக்கு மட்டும் ஒரு தொப்பி போதும். அடியில்லாமல் நடுவயிற்றில் மட்டும் ஒரு நாலு விரல் பட்டை போடலாம். கையில் பிடிக்க வசதி. மெழுகுவர்த்தி வைக்கும் குப்பிக்கும் ஒரு வார்த்தை. கிறிஸ்மஸுக்கு நிறையப் பேர் கேட்கிறார்கள். வலையின் நிழல் சுவரில் பூவாய் விழும், பார்க்க மனசு நிறையும். ஆனால் பருத்தி நொடியில் பற்றும். வாயகன்ற உயரக் குப்பியில், சுடர் விளிம்புக்கு மிகக் கீழே இருந்தாலும், கழுத்தில் நூல் இருக்கக் கூடாது. நான் இப்போது பேட்டரி விளக்குக்கு மட்டும்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

மூடித் தொப்பியில் ஒரு சந்தோஷம் உண்டு. வட்டத்துக்கு ஒவ்வொரு சுற்றிலும் இவ்வளவுதான் கூட்ட வேண்டும் என்று முன்னால் சொன்னேனே, தொப்பியின் கடைசி இரண்டு சுற்றில் அந்தக் கணக்கை வேண்டுமென்றே மீறலாம். ஒவ்வொரு கண்ணியிலும் மூன்று மூன்றாய்ப் போட்டால் ஓரம் இடம் போதாமல் மடிந்து மடிந்து கொசுவமாய் எழும்பும். 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமின்யா என்ற கணித ஆசிரியை, மிகைவளைவுத் தளம் என்ற கடினமான வடிவத்தை மாணவர்கள் கையில் பிடித்துப் பார்க்கும்படி செய்துகாட்டியது இந்த வழியில்தான். சீரான விகிதத்தில் கண்ணியைக் கூட்டிக்கொண்டே போனார், குரோஷே ஊசியால். மாமியிடம் இதைச் சொன்னபோது கையில் இருந்த கொசுவத்தை விரித்து வைத்துக்கொண்டு கவனமாய்க் கேட்டார். "இதுக்குக் கணக்கு உண்டுன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு இதுலதான் எளுப்பமா சொல்ல முடிஞ்சிருக்கு" என்றார்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு உறைக்கு இருபது கிராம் நூல், ஐந்து மணி நேரம். நான் வாங்குவது 220 ரூபாய். நூலுக்கும் கஞ்சிக்கும் போக்குவரத்துக்கும் நாற்பது போனால் மணிக்கு 36 ரூபாய் நிற்கிறது. 'ஒரு குப்பிக் கவருக்கு இவ்வளவா' என்று கேட்கிறவர்களிடம் நான் இந்தக் கணக்கை அப்படியே சொல்கிறேன், கோபப்படுவதில்லை. கடையில் முழக் கணக்கில் விற்கும் எந்திர லேஸைக் காட்டி அது இருபது ரூபாய்தானே என்பார்கள். அது குரோஷே போலத் தோன்றும் வேறு பின்னல். குரோஷே கண்ணியை அப்படியே போடும் எந்திரம் ஆலைகளில் கிடையாது. நீங்கள் எங்கே குரோஷே பார்த்தாலும், எவ்வளவு மலிவாய்ப் பார்த்தாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவரின் கை இழுத்திருக்கிறது. மலிவு என்றால் அந்தக் கைக்குக் குறைவாய்ப் போயிருக்கிறது, வேறு வழியில் அது மலிவாக முடியாது.

எனக்கும் அது நடந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு கைவினைக் கடை, விற்றால் காசு தருகிறோம் என்று பதினெட்டு உறை வாங்கிக்கொண்டது. ஐந்து மாதம் கழித்து ஏழு உறையைத் திருப்பிக் கொடுத்தார்கள், வெயில்படும் கண்ணாடி அலமாரியில் வைத்து ஒரு பக்கம் நிறம் வெளுத்துப்போய். மிச்சம் பதினொன்றுக்குக் கணக்கும் இல்லை, காசும் இல்லை. நாலு முறை போய் வந்த பிறகு விட்டுவிட்டேன். அந்தப் பதினொன்றில் மாமி போட்ட கைதைச்சக்கை இரண்டு இருந்தது. அதுதான் இன்னும் மனசில் கிடக்கிறது.

நல்ல விற்பனை ஊரிலேயே கிடைத்தது. ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் வாவுபலி பொருட்காட்சி நடக்கும். குழித்துறையில் ஓடும் எங்கள் தாமிரபரணிக் கரைக்கு முன்னோர்களுக்குப் பலி போட வருகிற கூட்டம் அப்படியே மரக்கன்று வாங்கிக்கொண்டு போகும். அங்கே செடி விற்கும் உறவுக்காரர் ஒருவர், காலிக் குப்பியில் தண்ணீர் விட்டு மணி பிளான்ட் கொடி வைத்து விற்கிறார். வெளிச்சம் பட்டுத் தண்ணீரில் பாசி பிடிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். பாசிக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சத்தைக் குறைத்தால் பாசியும் குறையும். அடியிலிருந்து தண்ணீர் மட்டம் வரை நெருக்கமாகவும் அதற்கு மேல் ஜன்னலாகவும் பச்சை நூலில் ஒன்று போட்டுக் கொடுத்தேன். வேர் இருட்டில், தண்டு வெளிச்சத்தில். போன வருடப் பொருட்காட்சியில் அப்படி நாற்பத்தொன்று போனது.

அதைப் போட்டபோதுதான் அலமாரியில் கிடந்த முதல் உறை ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தேன். ஓட்டையில்லாத, அச்சில் வார்த்த மாதிரியான பின்னல். மாமியிடம் திரும்பக் கொண்டுபோனேன். அவர் அடுப்படி மேடையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து வந்தார். அவர் வீட்டு மிளகாய்ப்பொடி. ஜன்னல் பக்கம் வைத்து வைத்து, வெளிச்சம் படும் பக்கம் சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாய் இருந்தது, உள்பக்கம் நல்ல சிவப்பு. உறையை அதில் மாட்டினார். வயிறு சரியாக நின்றது, தோளில் கொஞ்சம் தொளதொளப்பு. கயிறு கோக்க இடமில்லை, நான் கழுத்தை மூடி முடித்திருந்தேன்.

மாமி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கழுத்தில் நான் நூல் முடிந்த இடத்தைத் தேடி எடுத்து, கடைசிச் சுற்றை மட்டும் பிரித்தார். பிரித்த நூலிலேயே 16 சின்ன ஜன்னல் போட்டு, மிச்ச நூலில் கயிறு போட்டார். நூல் சரியாகப் போதுமாக இருந்தது, கடைசியில் ஒரு விரற்கடை மிஞ்சியது. குப்பியை மேடையில் அதே இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த கிராம்புக் குப்பியைக் காட்டி, "இதுக்கும் இதே மாதிரி ஒண்ணு போடு மக்களே, அடி கொஞ்சம் சின்னதாக்கணும்" என்றார். அளந்து பார்த்தேன். 42 கண்ணி வருகிறது. 14 ஜன்னல்.